பத்துக்கு ஏழு

அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்தான் அப்படிச் சொல்வதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும். ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் பிழைக்கிறவர் என்பதால் வந்த பெயர் பாதி. மீதிப் பாதி, எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் திருத்தாமல் விடமாட்டார் என்பதால் வந்தது. லிஃப்டில் ஏறியவர் 'போர்த் புளோர் போடுங்க சார்' என்றால், முதலில் அந்த உச்சரிப்பைச் சரி செய்வார், பிறகுதான் பொத்தானை அழுத்துவார். இதை அவர் மனைவி வியாதி என்பாள். அவர் தொழில் என்பார்.

தொழில் இதுதான். ஆங்கிலம் பேச ஆசைப்படுகிறவர்களின் செல்போனுக்குத் தினமும் காலையில் ஒரு சொல் போகும். தமிழில் அதன் பொருள், எந்த இடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற விளக்கம், கூடவே மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள். எழுதுவது இவர். அதைப் படித்துப் பதிவு செய்ய ஒரு பெண் இருந்தாள். யார் காதிலும் உறுத்தாத குரல் அவளுக்கு. பல்லை உடைக்கும் பெரிய சொற்களை அகராதி எடுப்பதில்லை. நமக்குத்தான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் புழங்குகிற சின்னச் சொற்கள்தான் அவருக்கு உயிர்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வழக்கம். காலையில் அன்றைய சொல் வந்ததும் அவள் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி அனுப்ப வேண்டும். இவர் பத்துக்கு மார்க் போடுவார். எட்டுக்குக் கீழே போனால் இம்போசிஷன்: அதே சொல்லை வைத்து இன்னொரு புது வாக்கியம். முழுசாகப் பத்து அவர் போட்டதே இல்லை. அவளும் சளைத்தவள் அல்ல. "நீங்க என்ன அந்த ஊர்லயா பொறந்தீங்க? எதை வச்சு ஒரு மார்க் குறைச்சீங்க?" என்று மல்லுக்கட்டுவாள். மார்க்கைவிட அந்தச் சண்டைதான் இருவருக்கும் ருசி.

கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போன பிறகு அவள் ஃபோன் பேசுவது குறைந்துவிட்டது. பேசினாலும் நாலு வார்த்தை. வாக்கியம் மட்டும் தவறாமல் வந்தது. புது வீடு, புது மனுஷர்கள், வேலை இருக்கும் என்று இவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், பேச்சைவிட வாக்கியம்தான் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. பேச்சுக்கு மார்க் போட முடியாதே.

அன்றைய சொல் 'சேஃப்'. "சேஃபா போய்ச் சேர்ந்தியா என்று கேட்காத அம்மா உண்டா? அதனாலேயே இந்தச் சொல் நமக்குத் தெரிந்த சொல் என்று நினைக்கிறோம்" என்று ஆரம்பித்து, பாதுகாப்பான ஏணி, பாதுகாப்பான குடிதண்ணீர், பத்திரமாக வைக்கவேண்டிய சாவி என்று மூன்று வாக்கியங்களும் எழுதி, தனக்குத்தானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டிருந்தார்.

மகளின் வாக்கியம் வந்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

'ஐ ஆம் நாட் சேஃப் இன் திஸ் ஹவுஸ்.'

பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டே ஒரு விரலால் பதில் தட்டினார். "எழுத்துப் பிழை இல்லை. வழக்குதான் சரியில்லை. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ டோன்ட் ஃபீல் சேஃப்' என்பதே இயல்பு. பத்துக்கு ஏழு. இம்போசிஷன் உண்டு." அனுப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

சண்டை வரவில்லை.

பஸ்ஸில் பார்த்தார், வரவில்லை. அலுவலகப் படியேறும்போது பார்த்தார். தன் மேஜையில் உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார். அவள் படித்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் மட்டும் இருந்தது. ஏழு மார்க்குக்கு வாய் மூடிக்கொண்டு இருக்கிறவளா அவள்? ஏதோ ஒன்று நெருடியது. என்ன என்று பிடிபடவில்லை. கல் சிக்கிய செருப்போடு நடப்பதுபோல் அந்தக் காலை நகர்ந்தது.

பதிவு அறையில் மறுநாளைக்கான சொல் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. மூச்சு விட்டால்கூட மைக்கில் கேட்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல்காரப் பெண் படித்தாள். இந்தப் பக்கம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இவர் பிழை பார்க்க வேண்டும். இன்றைக்கு அவரால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. ஃபோனைத் திருப்பி வைத்தார், எடுத்தார், மறுபடி திருப்பி வைத்தார். மூன்றாவது முறை அவள் நிறுத்திவிட்டாள்.

"சார், உங்க நாற்காலி சத்தம் வருது. இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. என் பொண்ணுக்கு மார்க் குறைச்சுட்டேன். கோபம் போல."

"நீங்க யாருக்குத்தான் குறைக்கல?"

"நான் போட்டது சரியான்னு நீயே பாரேன்," என்று எழுந்து உள்ளே போய் ஃபோனை அவளிடம் நீட்டினார். தன் பக்கத்து நியாயத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

கையில் எதைக் கொடுத்தாலும் மைக்கைப் பார்த்துப் படிப்பது அவள் பழக்கம். படித்தாள். ஏணிக்கும் சாவிக்கும் கொடுத்த அதே குரல்தான். நடிக்கவில்லை, அழுத்தவில்லை, நிதானமாகத்தான் படித்தாள். அந்த வாக்கியம் அவர் இரண்டு காதுக்குள்ளும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. ஒரு பெண் பக்கத்தில் நின்று, வேறு யாருக்கும் கேட்காமல், இந்த வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொன்னதுபோல் இருந்தது.

குரல்காரப் பெண் ஃபோனை இறக்கினாள். பிறகு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், இது எக்ஸாம்பிள்தானே?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, உள்ளே போய் அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மாடிப்படி வளைவில் நின்று மகளுக்கு ஃபோன் போட்டார். எடுத்தது மாப்பிள்ளை. மாப்பிள்ளை நன்றாகப் படித்தவர், நல்ல உத்தியோகம், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அந்த மரியாதையில் மயங்கித்தான் இவர் பெண்ணைக் கொடுத்தார்.

"சொல்லுங்க மாமா. அவ தூங்கறா."

"இந்நேரத்துலயா?"

"லேசா தலைவலின்னா. நான் இன்னைக்கு வீட்லதான் இருக்கேன், பாத்துக்கறேன். எழுந்ததும் பேசச் சொல்றேன்."

காய்ச்சலில் கொதித்தாலும் பகலில் படுக்காத பெண் அவள். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். 'ஃபீல்' என்ற சொல்லை நுழைக்கச் சொன்னோமே என்ற நினைப்பு ஈயைப் போலத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. பாதுகாப்பு இல்லை என்பது வேறு. பாதுகாப்பு இல்லாததுபோல் தோன்றுகிறது என்பது வேறு. அவள் முதலாவதைச் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லச் சொல்லி இவர் மார்க்கைக் குறைத்திருந்தார்.

வீட்டுக்கு ஃபோன் செய்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அவ என்ன அனுப்பினா, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார்.

"அதுக்கு நீங்க மார்க் போட்டீங்க."

"எக்ஸாம்பிள்னு நெனச்சேன்டி."

"பொண்ணு கழுத்துல கத்திய வச்சாக்கூட நீங்க முதல்ல ஸ்பெல்லிங்கைத்தான் பாப்பீங்க!" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "மூணு வாரமா எங்கிட்ட பேசும்போதெல்லாம் பக்கத்துல ஆள் இருக்கற மாதிரியே பேசறா. நான் உங்ககிட்ட சொல்லல? சும்மா கற்பனை பண்ணாதேன்னீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. நான் கெளம்பறேன்."

"முதல்ல விசாரிக்கலாம். அவசரப்பட்டுப் போய் நின்னு, ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா? சம்பந்தம் கெட்டுப்போயிடும்."

"கெட்டுப்போகட்டும்."

இவருக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி ஃபோன் போட்டார். இந்த முறை மகளே பேசினாள். குரல் எதிரொலியோடு வந்தது, அங்கே ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கேன்பா."

"காலைல ஒரு வாக்கியம் அனுப்பினியே..."

"அதுவா? சும்மா எக்ஸாம்பிள்தான்பா. சொல் அப்படி, வாக்கியமும் அப்படி." பின்னால் மாப்பிள்ளை சிரித்தது கேட்டது. "இம்போசிஷன் பாக்கி இருக்குல்ல? இப்பவே அனுப்பிடறேன். மார்க் போட மறந்துடாதீங்க."

ஒரு கணம் அவர் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பார்த்தாயா, எக்ஸாம்பிள்தான், மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சுவரில் சாய்ந்து மூச்சு விடுவதற்குள் ஃபோன் அதிர்ந்தது.

'இட் இஸ் நாட் சேஃப் டு டாக் இன் சம் ஹவுசஸ்.'

சில வீடுகளில் பேசுவது பாதுகாப்பல்ல. யார் பார்த்தாலும் பாடம் என்றே நினைக்கும்படி எழுதியிருந்தாள். எடுத்துக்காட்டு வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே. யாருடையதாகவும் இருக்கக் கூடாது, எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று.

இவரும் அதே வழியில்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதினார். இரண்டு முறை அழித்தார். "பத்துக்குப் பத்து. அடுத்த சொல் 'ரெடி'. எடுத்துக்காட்டு: 'தி கேர்ள் வாஸ் ரெடி வென் ஹர் பேரன்ட்ஸ் கேம்.'" அப்பாவும் அம்மாவும் வந்தபோது பெண் தயாராக இருந்தாள். அனுப்பிவிட்டு, மேஜையில் திறந்து கிடந்த புத்தகம் திறந்தபடியே கிடக்க, கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டில் மனைவி காத்திருந்தாள்; கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினார்கள். மனைவி முன் சீட்டின் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். டீ குடிக்க இறங்கிய கண்டக்டர் நிதானமாக ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தபோது, இறங்கிப் போய் அந்தக் கிளாஸைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். புதுசாகக் கட்டிய அடுக்கு வீடு. கதவுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கேமரா. மாப்பிள்ளைதான் திறந்தார்.

"வாங்க மாமா, வாங்க அத்தை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே."

கதவு அவர்களுக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டு 'டிக்' என்றது. மகள் அறையிலிருந்து வந்தாள். மணிக்கட்டுவரை மூடிய முழுக்கை உடை. வாங்கப்பா என்று சொல்வதற்கு முன்னால் அவள் கண் ஒரு முறை கணவன் முகத்துக்குப் போய்த் திரும்பியது. தாய் வீட்டு ஆட்களை வரவேற்கக்கூட அவளுக்கு உத்தரவு தேவைப்பட்டது. மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இரண்டு ஃபோன்கள் இருந்தன. ஒன்று மகளுடையது. அந்த மஞ்சள் உறையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

"ரெண்டு நாளைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தோம்," என்றார். "அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

கூடத்தில் இருந்த நால்வரில் ஆரோக்கியமாகத் தெரிந்தது அவர் மனைவி ஒருத்திதான். அடிபட்ட புலி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"அத்தை நல்லாத்தானே இருக்காங்க. அந்த மெசேஜைப் பாத்துட்டு வந்தீங்களா மாமா? நானும் பாத்தேன். சிரிப்புதான் வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, இதைவிட சேஃபான வீடு எங்க இருக்கு? வாசல்ல கேமரா, உள்ள கேமரா. கதவு என் விரல் வச்சாத்தான் திறக்கும். ஈ காக்கா நுழைய முடியாது. இவ கொஞ்சம் சென்சிட்டிவ். எல்லாத்தையும் பெருசாக்குவா. தப்பான யூசேஜ்னு நீங்களே எழுதியிருந்தீங்களே, ஏழுதானே போட்டீங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. தன் மார்க் இந்த ஆளுக்கு ஆதரவாகக் கூடத்தின் நடுவில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அமைத்துப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூடக் கைகொடுக்க வரவில்லை.

"மார்க் போட்டவன் நான்," என்றார். "மாத்தறதும் நான்தான். கதவைத் திறங்க."

"உக்காருங்க மாமா. டீ சாப்பிட்டுப் பேசலாம்."

"நீ செருப்பைப் போடும்மா."

மகள் அசையவில்லை. கதவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை சோஃபாவில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "அவ எங்கயும் வரல. கேட்டுப் பாருங்க. ஏம்மா, போறியா?" கேட்ட குரலில் சர்க்கரை வழிந்தது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அதற்குமேல் மனைவி பொறுக்கவில்லை. விறுவிறுவென்று பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே விளையாடிய பிள்ளைகளுக்கும் மேலே துணி எடுத்த பெண்களுக்கும் கேட்கும்படி கத்தினாள். "யாராவது வாங்களேன்! என் பொண்ணை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க!" வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத அகராதியும் அவள் பக்கத்தில் போய் நின்று கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. வாக்கியமாக எதுவும் இல்லை. வாங்க, வாங்க என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். எதிர் வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழே காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். முகத்திலிருந்த மரியாதை எங்கே போனதென்று தெரியவில்லை. "அசிங்கம் பண்றீங்களா? கூட்டிட்டுப் போய்த் தொலைங்க!" என்று கதவில் விரலை வைத்தார். திறந்தது. அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். அகராதி மாப்பிள்ளையின் பையிலிருந்து மஞ்சள் உறைபோட்ட ஃபோனை உருவிக்கொண்டார். தன் கை அதைச் செய்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. செருப்புப் போட நேரமில்லை. மகள் வெறுங்காலோடு படியிறங்கினாள்.

தெருமுனையில் ஒரு வாடகை வண்டி கிடைத்தது. மகள் நடுவில், இருவரும் இரண்டு பக்கமும். வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. மனைவி மகள் உடையின் கைப்பகுதியை மெல்ல மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, உடனே இறக்கிவிட்டாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் அவர் பார்த்துவிட்டார்.

"காலைலயே வந்திருப்போம்மா," என்றார். "எனக்குத்தான் புரியல."

மகள் முன்னால் ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். கோபம் இல்லை. சண்டைக்கு வருகிற பழைய குரலாக இருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க ஏழு போட்டதை அவர்தான்பா எனக்குப் படிச்சுக் காட்டினார். 'பாத்தியா, உங்கப்பாவே சொல்றார், எல்லாம் உனக்குத் தோணறதுதான்'னு சொன்னார். நான் பாத்ரூம்ல போய் நின்னு கையைப் பாத்தேன். கன்னிப்போய் இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே, அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோணுதோன்னு நெனச்சேன்பா."

அவள் தோளைத் தொடப் போனவர், எங்கே வலிக்குமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

"தோணறது இல்லம்மா," என்றார். "நீ எழுதினதுதான் சரி."

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்பா," என்றாள் மனைவி. "எங்கயும் நிக்காம போ."